லினக்ஸ் உதவிக் குறிப்புகளில் எழுத்துப்பிழைத் திருத்தம்

லினக்ஸ் இயங்குதளத்தின் கருனியை (கெர்னல்) ஒருவர் தம் கணினிக்கு ஏற்றவாறு அமைக்கும்போது, ஒவ்வொரு வன்பொருள் இயக்கியைப் பற்றியும் ஒரு சிறு விளக்கம் திரையில் தோன்றும். இதனை உதவிக் குறிப்பு என்பர். இக்குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. அவற்றில் புகுந்த எழுத்துப்பிழைகளைக் களையும் பணி, லினக்ஸ் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி. ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் ஆயிரம் வரி நிரலை மாற்றுவதற்கும் அங்கு நடைமுறை ஒன்றே. இந்தச் சிறு பணி தேவைதானா என்ற வாதமும் நெடுங்காலமாக நடந்து வருகிறது.

இங்கு ஒரு சொல் விளக்கம் தேவை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் டிரைவர் என்றால் லாரி ஓட்டுபவர் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும். கணினியில் டிரைவர் என்பது வன்பொருளையும் இயங்குதளத்தையும் இணைத்து வைக்கும் மென்பொருள். தமிழில் இதற்கு இயக்கி என்ற சொல் வழங்குகிறது. வலையட்டை, ஒலியட்டை, அச்சுப்பொறி, தொடுதிரை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயக்கி உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இயங்குதளத்தை இயக்க அமைப்பு என்று குறிப்பிடுவர். இரண்டும் ஒன்றே.

== உதவிக் குறிப்பின் அமைப்பு ==

லினக்ஸ் கருனியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தெரிவுகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி இயக்கிகளைப் பற்றியவை. இயக்கித் தெரிவுகள் பலவற்றுக்கு மூன்று விடைகளில் ஒன்றைச் சொல்லலாம். 'ஒய்' என்றால் இயக்கி கருனிக்குள்ளேயே சேர்க்கப்படும். 'எம்' என்றால் தனிக் கூறாக வைக்கப்பட்டு, தேவைப்படும்போது ஏற்றப்படும். 'என்' என்றால் வேண்டாம் என்று பொருள். எந்த விடையைச் சொல்வது என்பதை முடிவு செய்ய உதவுவதற்காகவே குறிப்பு எழுதப்படுகிறது.

நல்ல குறிப்பு ஒன்றில் இயக்கி எந்த வன்பொருளுக்கு உரியது, எந்த நிறுவனத்தின் எந்த எண் கொண்ட சில்லுக்குப் பொருந்தும், தனிக் கூறாக வைத்தால் அக்கூறின் பெயர் என்ன, மேலும் படிக்க எந்த ஆவணத்தைப் பார்க்க வேண்டும் ஆகியவை இருக்கும். ஐயமிருந்தால் இன்ன விடையைச் சொல்லுங்கள் என்ற வரியுடன் பல குறிப்புகள் முடியும். அந்தக் கடைசி வரியை மட்டும் படித்து நகர்ந்தவர்களே அதிகம் எனலாம்.

== ஒரே கோப்பு, பல கோப்புகள் ==

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று தம் முயற்சியை உலகுக்கு அறிவித்தார். 1994 மார்ச்சில் லினக்ஸ் 1.0 வெளிவந்தது. அக்காலத்தில் கருனியை அமைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு நிரல் வரிசையாகக் கேள்வி கேட்கும். பயனர் வரிசையாக விடை சொல்ல வேண்டும். நடுவில் ஒரு விடை தவறினால் பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். கேள்வி புரியாதபோது கைகொடுத்தவை உதவிக் குறிப்புகளே.

அன்று எல்லா இயக்கிகளுக்குமான குறிப்புகளும் 'கான்ஃபிகர் ஹெல்ப்' என்னும் ஒரே பெரிய கோப்பில் இருந்தன. அக்கோப்பை 1990களில் பராமரித்தவர் ஆக்செல் போல்ட். பின்னர் எரிக் ரேமண்ட், ஸ்டீவன் கோல் ஆகியோர் அப்பொறுப்பை ஏற்றனர். ஒரே கோப்பாக இருந்ததில் ஒரு நன்மை உண்டு. ஒருவர் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்து, ஆசிரியர் விடைத்தாள் திருத்துவது போலப் பிழைகளைக் களைய முடிந்தது. இயக்கியை எழுதியவர் குறிப்பு எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் குறையும் எளிதில் கண்ணில் படும். ஜப்பானியம், ரஷ்யன், பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளில் அக்கோப்பின் மொழிபெயர்ப்புகள் கிடைக்கும் இடங்களும் அதன் தலைப்பகுதியில் பட்டியலிடப்பட்டிருந்தன. தமிழ் அப்பட்டியலில் இல்லை.

2002ஆம் ஆண்டு திருப்புமுனையாக அமைந்தது. கருனியை அமைக்கும் முறையையே மாற்ற வேண்டும் என்று ரேமண்ட் வாதிட்டார். கணினி நுட்பம் அறியாத 'டில்லி அத்தை' என்னும் கற்பனைப் பெண்மணியும் தாமே கருனியை அமைத்துக்கொள்ளும் அளவுக்கு அது எளிதாக வேண்டும் என்பது அவர் கருத்து. டில்லி அத்தைக்குக் கருனியை அமைக்கும் தேவையே வராது என்று மற்றவர்கள் மறுத்தனர். ரேமண்டின் புதிய முறை ஏற்கப்படவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ரோமன் சிப்பல் உருவாக்கிய 'கேகான்ஃபிக்' என்னும் முறை 2.5.45 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதுவே இன்றும் வழக்கில் உள்ளது.

அவ்வாண்டிலேயே உதவிக் குறிப்புகளும் சிதறின. ஒவ்வோர் இயக்கியின் குறிப்பும் அவ்வியக்கியின் நிரல் இருக்கும் அடைவுக்கே சென்றது. நிரலை எழுதுபவரே குறிப்பையும் எழுத வேண்டும் என்ற நல்ல ஒழுங்கு இதனால் ஏற்பட்டது. ஆனால் முழுவதையும் ஒரே மூச்சில் படித்துப் பார்க்கும் ஒரு கண் இல்லாமல் போயிற்று. இயக்கி எழுதியவர்களில் தைவான், ஜெர்மனி, பிரேசில், ஜப்பான், இந்தியா எனப் பல நாட்டினர் உண்டு. ஆங்கிலத்தைப் பள்ளியில் இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள் எழுதியதை, அவ்வாறே கற்ற வேறு நாட்டினர் படித்தனர்.

== எந்தப் பிழையால் என்ன கேடு? ==

எல்லா எழுத்துப்பிழையும் ஒரே தன்மையன அல்ல. ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொண்டவர் 'ரிசீவ்' என்ற சொல்லில் ஈயும் ஐயும் இடம் மாறி நின்றால் கவனிக்காமலேயே கடந்து விடுவார். 'செப்பரேட்' என்ற சொல்லின் நடுவில் ஏவுக்குப் பதில் ஈ நின்றாலும், 'அட்ரஸ்' ஒரு டியை இழந்தாலும், 'தி' என்ற சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தாலும் அவருக்குப் பொருள் கெடாது. தமிழ்வழியில் படித்து, அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஆங்கில ஆவணத்தை வாசிக்கும் மாணவரின் நிலை வேறு. பிழையான சொல் அகராதியில் இருக்காது. அது தமக்குத் தெரியாத ஏதோ ஒரு கலைச்சொல் என்றே அவர் எண்ணுவார். பிழை நூலில் இருக்கக்கூடும் என்ற ஐயம் தொடக்க நிலை மாணவர் எவருக்கும் எளிதில் வருவதில்லை. தம் அறிவில்தான் குறை என்று நினைப்பதே இயல்பு. சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து பொறியியல் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வகை, தேடலைக் கெடுக்கும் பிழை. லட்சக்கணக்கான வரிகளில் ஒரு சொல்லைத் தேட, லினக்ஸ் பயனர்கள் 'கிரெப்' என்னும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். கேட்ட எழுத்துகளை அது அப்படியே தேடும். ஏறத்தாழ ஒத்தது என்று எதையும் காட்டாது. குறிப்பில் ஓர் எழுத்து பிறழ்ந்திருந்தால், சரியான சொல்லைத் தேடுபவருக்கு அக்குறிப்பு அகப்படாது. லினக்ஸுக்குத் திருத்தம் அனுப்புவோருக்கான வழிகாட்டி ஆவணம், சிறு திருத்தங்கள் எவை எவை என்று வகுத்தபோது, ஆவணங்களில் உள்ள எழுத்துப்பிழைகளையும் கிரெப் தேடலைக் கெடுக்கும் எழுத்துப்பிழைகளையும் தனித்தனியே குறித்திருந்தது. பின்னதன் கேட்டை வல்லுநர்கள் தாமே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது வகை, கட்டளையையே தோற்கடிப்பது. தனிக் கூறாக வைத்தால் அதன் பெயர் இன்னது என்று குறிப்பு சொல்லும். அப்பெயரில் ஓர் எழுத்து தவறினால், பயனர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் கட்டளை வேலை செய்யாது. அப்படி ஒரு கூறே இல்லை என்று கணினி சொல்லும். வலையட்டை பழுது என்று அவர் கடைக்குக் கொண்டு போனாலும் வியப்பதற்கில்லை.

இவற்றைவிடக் கொடியது குறிப்புக்கு வெளியே, நிரலில் தெரிவின் பெயரையே தவறாக எழுதுவது. நிரலில் இல்லாத தெரிவு ஒன்றின் பெயர் வந்தால் கணினி பிழை என்று சொல்வதில்லை. 'அது தெரிவு செய்யப்படவில்லை' என்று கொண்டு அமைதியாகக் கடந்து விடும். அப்பெயரைச் சார்ந்த நிரற்பகுதி எந்நாளும் உயிர் பெறாது. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 வாக்கில் இத்தகைய செத்த பகுதிகளைத் தேடிக் கண்டெடுத்தனர். 'ஹாட்பிளக் சிபியு' என்று வர வேண்டிய தெரிவின் பெயர் 'சிபியு ஹாட்பிளக்' என்று சொல்வரிசை மாறி எழுதப்பட்டிருந்தது அவற்றுள் ஒன்று. இன்று இப்பிழைகளைப் பிடிக்கக் கருனியுடனேயே ஒரு சிறு நிரல் தரப்படுகிறது.

== சிறு திருத்தங்களின் கிடங்கு ==

ஓர் எழுத்தைத் திருத்துவதற்குரிய நடைமுறை வருமாறு. திருத்துபவர் பழைய வரியையும் புதிய வரியையும் காட்டும் 'பேட்ச்' எனப்படும் ஒட்டு ஒன்றை உருவாக்க வேண்டும். ஏன் திருத்தினார் என்பதை ஓரிரு வாக்கியத்தில் எழுத வேண்டும். இது தம் சொந்தப் பணி, இதனை அளிக்கும் உரிமை தமக்கு உண்டு என்று ஒப்பமிட வேண்டும். இவ்வொப்ப வழக்கம் 2004இல் வந்தது. அவ்வியக்கியின் பராமரிப்பாளர் யார் என்று கண்டறிந்து அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஏற்றால் அது அவருடைய தொகுப்பில் சேர்ந்து, அடுத்த பதிப்புக்கான இணைப்புக் காலத்தில் லினஸிடம் செல்லும். புதிய பதிப்பு ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருவதால், ஒரு 'ஆர்' சேர்க்க இரண்டு மூன்று மாதங்கள் ஆவது உண்டு.

பெரிய பணிகளில் மூழ்கிய பராமரிப்பாளர்கள் இத்தகைய ஒட்டுகளைக் கவனிக்காமல் விடுவது இயல்பே. எனவே சிறு திருத்தங்களை மட்டும் சேகரித்து மொத்தமாக அனுப்பும் பொறுப்பை ஆஸ்திரேலியாவின் ரஸ்டி ரசல் ஏற்றார். அப்பணிக்குக் குரங்கின் பெயரை அவர் வேடிக்கையாகச் சூட்டியிருந்தார். அவருக்குப் பின் ஏட்ரியன் பங்க், யிரி கோசினா ஆகியோர் அக்கிடங்கைப் பார்த்துக்கொண்டனர். புகழ் தராத பணி. ஆயினும் ஆண்டுக்கணக்கில் விடாமல் நடந்தது.

== 2011: ஒரே ஒட்டில் ஆயிரக்கணக்கான திருத்தங்கள் ==

பிரேசில் நாட்டின் லூகாஸ் டி மார்க்கி 'கோட்ஸ்பெல்' என்ற கருவியை எழுதினார். சொற்செயலிகளில் உள்ள பிழைதிருத்தி அகராதியை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத சொல்லையெல்லாம் பிழை என்று காட்டும். இயக்கி நிரல்களில் அம்முறை பயன்படாது. அங்கு பாதிச் சொற்கள் சில்லுகளின் பெயர்களும் சுருக்கங்களுமாகவே இருக்கும். திரை முழுதும் சிவப்புக் கோடாகி விடும். கோட்ஸ்பெல் மறுபக்கமாகச் சென்றது. மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, அப்பிழைகளை மட்டும் தேடியது. பட்டியலின் முதல் மூலம் விக்கிப்பீடியாவில் தன்னார்வலர்கள் திரட்டி வைத்திருந்த பொதுப்பிழைத் தொகுப்பு ஆகும்.

2011 மார்ச் இறுதியில் இக்கருவியைக் கருனி முழுவதன்மீதும் செலுத்தி, கிடைத்தவற்றைக் கண்ணால் சரிபார்த்து, ஒரே ஒட்டாக அவர் அளித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் அதில் மாறின. நிரலின் செயலில் ஒரு மாற்றமும் இல்லை. லினஸ் அதனை ஏற்று இணைத்தார்; அவ்வாண்டு மே மாதம் வெளியான 2.6.39 பதிப்பில் அது இடம்பெற்றது. கண்ணால் சரிபார்த்தது என்ற சொல்லை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கருவி சுட்டியதையெல்லாம் பார்க்காமல் மாற்றினால், பிழைபோலத் தோன்றும் ஒரு சரியான பெயரும் சேர்ந்து மாறி, ஓடிக்கொண்டிருந்த நிரல் நின்று விடும்.

2014இல் கீஸ் குக்கின் முயற்சியால் இத்தகைய பட்டியல் ஒன்று கருனியுடனேயே சேர்க்கப்பட்டது. டெபியன் திட்டத்தின் 'லின்டியன்' கருவியிலிருந்து எடுக்கப்பட்டது அது. ஒவ்வொரு வரியிலும் இடப்புறம் பிழை, வலப்புறம் திருத்தம், நடுவே இரு செங்குத்துக் கோடுகள். அவ்வளவுதான் அதன் அமைப்பு. ஒட்டுகளைச் சோதிக்கும் 'செக்பேட்ச்' நிரல் இப்பட்டியலைப் பார்த்து, பிழை உள்ளே வருவதற்கு முன்பே எச்சரிக்கும். உதவிக் குறிப்பு நான்கு வரிக்குக் குறைவாக இருந்தாலும் அது எச்சரிக்கும். கோலின் இயன் கிங் என்னும் பொறியாளர் தாம் கண்ட புதுப் பிழைகளை இப்பட்டியலில் தொகுதி தொகுதியாகச் சேர்த்தவர்.

== எதிர்வாதம் ==

இப்பணியை எல்லாரும் வரவேற்றதில்லை. எதிர்ப்பவர் கூறுவதிலும் நியாயம் உண்டு. ஒவ்வோர் ஒட்டையும் ஒரு மனிதர் படித்தாக வேண்டும். அந்த நேரத்தில் உண்மையான வழு ஒன்றைக் களைந்திருக்கலாம். ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று பார்த்து வழுவின் மூலத்தைத் தேடும்போது, எழுத்துத் திருத்தியவரின் பெயர் குறுக்கே வந்து நிற்கும். நிறுவனங்கள் தம் ஊழியர்களின் ஒட்டுகளை எண்ணி மதிப்பிடத் தொடங்கியதும், எண்ணிக்கைக்காகவே சிறு திருத்தங்கள் குவிகின்றன என்ற புகாரும் 2021இல் எழுந்தது.

நீண்டகாலம் பேணப்படும் நிலைப் பதிப்புகளின் விதி இதில் கண்டிப்பானது. எழுத்துப்பிழை, வெற்றிடத் திருத்தம் போன்றவை அவற்றில் சேரா. எனவே புதிய பதிப்பில் என்றோ திருந்திய பிழை, பழைய பதிப்பை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் கணினிகளில் அப்படியே இருக்கும்.

மறுபுறம், புதியவர் ஒருவர் மேற்கண்ட நடைமுறை முழுவதையும் அச்சமின்றிக் கற்க எழுத்துத் திருத்தத்தைவிட நல்ல பயிற்சி இல்லை. தவறினாலும் எந்தக் கணினியும் நிற்காது. எண்ணிக்கைக்காகச் செய்பவரையும் கற்பதற்காகச் செய்பவரையும் ஒரே தராசில் நிறுப்பது சரியன்று.

== திருத்த முடியாத பெயர்கள் ==

உதவிக் குறிப்பைத் திருத்தலாம், ஏனெனில் அதைப் படிப்பவர் மனிதர். மற்ற நிரல்கள் நம்பியிருக்கும் பெயரைத் திருத்துவது அரிது. புதுக் கோப்பை உருவாக்கும் யூனிக்ஸ் அழைப்பு 'கிரியேட்' என்ற சொல்லின் கடைசி ஈ இல்லாமல் அமைந்தது. யூனிக்ஸை மீண்டும் வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த ஈயைச் சேர்ப்பேன் என்று கென் தாம்சன் நகைச்சுவையாக விடையளித்தார். லினக்ஸிலும் அந்த அழைப்பு ஈ இல்லாமலேயே இருக்கிறது. பயனர் எந்த இணையப் பக்கத்திலிருந்து வந்தார் என்று சொல்லும் 'ரெஃபரர்' என்னும் தலைப்பு, 1996இல் வெளியான வரையறையிலேயே ஓர் 'ஆர்' குறைந்து பதிவாகி விட்டது. உலகின் எல்லா உலாவிகளும் இன்றும் அப்பிழையோடுதான் எழுதுகின்றன. ஒருங்குறியில் ஓர் அடைப்புக்குறியின் பெயரில் இரண்டு எழுத்துகள் இடம் மாறின. பெயரை மாற்றுவதில்லை என்பது விதியாதலால், சரியான பெயர் மாற்றுப் பெயராகவே சேர்க்கப்பட்டது.

இதற்கு ஒப்பானது சேலம் மாவட்டத்திலேயே உண்டு. தமிழில் சங்ககிரி, ஆங்கிலத்தில் எழுதப்படுவதோ சங்கரி. ரயில் நிலையத்தின் பெயர் சங்கரி துர்க். பத்திரம், பயணச்சீட்டு, வரைபடம் என எல்லாவற்றிலும் ஏறிவிட்ட பெயரை ஒரே நாளில் மாற்ற இயலாது. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியாகிச் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டதும் நினைவுகூரத்தக்கது.

== தமிழில் படிக்க இயலுமா? ==

கேகான்ஃபிக் திரையைப் பிற மொழிகளில் காட்டும் வசதி 2005இல் சேர்க்கப்பட்டது. கொள்கையளவில் தமிழிலும் உதவிக் குறிப்புகளைத் தந்திருக்கலாம். ஆனால் அவ்வசதியை ஏறத்தாழ எவரும் பயன்படுத்தவில்லை. ஐந்தாண்டுகளாக அதில் ஓர் அசைவும் இல்லை, பழுதுபட்டும் கிடக்கிறது என்ற காரணங்களைக் காட்டி 2018இல் சாம் ராவ்ன்போர்க் அதனை நீக்கினார். கருனியின் பொது ஆவணங்களுக்குச் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் மொழிபெயர்ப்புகள் உள்ளன. அவை உதவிக் குறிப்புகளைச் சேர்ந்தவை அல்ல.

தமிழ்த் தன்னார்வலர்கள் கேடிஇ, க்னோம் ஆகிய பணிச்சூழல்களைத் தமிழாக்கியுள்ளனர். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்குகிறது. ஆகவே தமிழ்ப் பயனர் ஒருவர் மேசைத்தளத்தைத் தமிழில் காணலாம், லினக்ஸைப் பற்றித் தமிழில் படிக்கலாம். இயக்கியைத் தெரிவு செய்யும் திரைக்குள் நுழைந்ததும் மொழி ஆங்கிலமாகி விடுகிறது. தம் மடிக்கணினியின் வலையட்டைக்கு எந்த இயக்கி என்று தேடும் திருச்செங்கோட்டு மாணவருக்கு, யாரோ ஒரு தைவான் பொறியாளர் எழுதி, யாரோ ஒரு பிரேசில்காரர் எழுத்துத் திருத்திய அந்த நான்கு வரிகளே துணை. அவற்றில் பிழை கண்டால் திருத்தி அனுப்பும் உரிமை அவருக்கும் உண்டு. ஏற்கப்பட்டால் திருத்தத்தோடு அவர் பெயரும் கருனியின் பதிவேட்டில் நிலையாக இருக்கும்.